மார்கழிக் கச்சேரிக்கு ரயிலேறும் வெளியூர்க்காரர்களுக்கு

மார்கழியில் ஒரு சனி, ஞாயிறு சென்னைக்குப் போய்க் கச்சேரி கேட்டுவிட்டுத் திங்கள் காலை வேலைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது திருச்சி, மதுரை, கோவை, நெல்லைப் பக்கத்து ரசிகர்கள் பலரின் ஆசை. தாராளமாக நடக்கக்கூடிய ஆசைதான். ஆனால் பெரும்பாலானவர்கள் தலைகீழாகத் திட்டம் போடுகிறார்கள். யார் எந்தச் சபாவில் என்றைக்குப் பாடுகிறார் என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்கலாம் என்று காத்திருப்பார்கள். நிகழ்ச்சி நிரல் கைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை இரவு ரயில்களில் வெயிட்டிங் லிஸ்ட் நூறைத் தாண்டியிருக்கும்.

காரணம் எளிது. 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. முன்பு 120 நாள். பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். டிசம்பர் 18 ரயிலுக்கு அக்டோபர் 19 காலை 8 மணிக்குப் பதிவு தொடங்கும். சபாக்களின் பட்டியலோ நவம்பரில்தான் ஒவ்வொன்றாக வெளிவரும். இரண்டுக்கும் நடுவே சில வாரம் இடைவெளி. அதில் ரயில் நிரம்பிவிடும். ஆகவே முதலில் தேதியை முடிவு செய்து போகவர டிக்கெட்டை எடுத்துவிடுங்கள். கச்சேரி அதற்குள் தானாக அமையும். சீசன் உச்சத்தில் இருக்கும் எந்த சனி, ஞாயிறிலும் கேட்கத் தகுந்த கச்சேரி இல்லாமல் போகாது.

தேதி என்று வந்தால் டிசம்பர் 15-க்கும் 22-க்கும் இடையில் வரும் வார இறுதிதான் நல்லது. மியூசிக் அகாடமியின் இசை விழா வழக்கமாக டிசம்பர் 15 தொடங்கி ஜனவரி 1 வரை நடக்கும். ஜனவரி முதல் வாரத்தில் அங்கே நாட்டிய விழா. கிறிஸ்துமஸை ஒட்டி அரையாண்டு விடுமுறை தொடங்கிவிடுவதால் அந்த வாரமும் அடுத்த வாரமும் ரயிலில் குடும்பக் கூட்டம். கச்சேரிக்கு மட்டும் போகிறவர்கள் அந்தக் கூட்டத்தோடு மோதத் தேவையில்லை.

டிசம்பரிலேயே ஏன் இத்தனை கச்சேரி என்று கேட்பவர்களுக்கு: 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928-ல் அகாடமி பிறந்தது. அந்த டிசம்பர் வழக்கம்தான் இன்று பல சபாக்களாகப் பெருகி நிற்கிறது.

இனி டிக்கெட். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை இணைத்துச் சரிபார்த்து வைத்திருப்பது இப்போது கட்டாயம் என்றே சொல்லலாம். பதிவு திறக்கும் நேரத்தில் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்குத்தான் முதல் வாய்ப்பு. ரயில் கிளம்புவதற்கு முந்தைய நாள் திறக்கும் தட்கலுக்கு 2025 ஜூலையிலிருந்து ஆதார் ஓடிபி இல்லாமல் நடக்காது. கடைசி நாளில் இணைக்கப் போனால் பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம், பழைய கைபேசி எண் என்று ஏதாவது முட்டும். அக்டோபர் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். பயணிகள் பட்டியலில் பெயர், வயதை முன்கூட்டியே சேமித்து வைத்தால் எட்டு மணிக்குத் தட்டச்சு செய்து நேரம் போகாது.

எந்த ரயில் என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. உங்கள் ஊரிலிருந்தே புறப்படும் ரயிலைப் பிடியுங்கள். திருச்சிக்காரர்களுக்கு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், மதுரைக்குப் பாண்டியன், நெல்லைக்கு நெல்லை எக்ஸ்பிரஸ், தூத்துக்குடிக்கு முத்துநகர், செங்கோட்டைக்குப் பொதிகை, கோவைக்குச் சேரன், மேட்டுப்பாளையத்துக்கு நீலகிரி, தஞ்சைக்கு உழவன், மன்னார்குடிக்கு மன்னை. புறப்படும் ஊருக்குத்தான் பொது ஒதுக்கீட்டில் இடம் அதிகம், வெயிட்டிங் லிஸ்டிலும் பொதுப் பட்டியலான ஜிஎன்டபிள்யூஎல் (GNWL) கிடைக்கும். நடுவழியில் ஏறினால் இடைநிலையங்களுக்கான ஆர்எல்டபிள்யூஎல் (RLWL) அல்லது பிக்யூடபிள்யூஎல் (PQWL). இவை மெதுவாகத்தான் நகரும். ஜிஎன்டபிள்யூஎல் 30 உறுதியாகிவிடலாம், பிக்யூடபிள்யூஎல் 10 அப்படியே நின்றுபோகலாம். எண்ணைப் பார்த்து ஏமாறாமல் அதன் முன்னால் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள்.

நள்ளிரவு தாண்டி ஏறுகிறவர்கள் தேதியில் தவறுவது அடிக்கடி நடக்கிறது. நெல்லை எக்ஸ்பிரஸ் திருநெல்வேலியில் வெள்ளி இரவு கிளம்பித் திருச்சிக்கு வரும்போது சனிக்கிழமை பிறந்துவிட்டிருக்கும். திருச்சியிலிருந்து அதில் போக, பயணத் தேதி சனி. வெள்ளி என்று போட்டால் கிடைப்பது அதற்கு முந்தைய இரவின் ரயில். ஆனால் 60 நாள் கணக்கும் தட்கல் கணக்கும் ரயில் புறப்படும் ஊரின் தேதியை வைத்து ஓடும். இந்த ரயிலுக்குத் திருச்சிக்காரர் தட்கல் எடுக்க வேண்டிய நாள் வியாழன். வெள்ளி காலை உட்கார்ந்தால் முடிந்துபோன கதை.

தட்கல் ஏசி வகுப்புக்கு 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரிலோ ஏசியிலோ ஏறிக்கொள்ளும் பழைய வழக்கத்தை மறந்துவிடுங்கள். இணையத்தில் எடுத்தது, பயணிகளின் இறுதிப் பட்டியலான சார்ட் போட்டதும் தானாக ரத்தாகிப் பணம் கணக்குக்கு வந்துவிடும். கவுன்டரில் எடுத்ததை வைத்தும் முன்பதிவுப் பெட்டியில் ஏற முடியாது. சார்ட்டை இப்போது முன்பைவிட வெகு முன்னதாகவே போடுகிறார்கள். இரவு ரயில் என்றால் அன்று பகலிலேயே நிலவரம் தெரிந்துவிடும், மாற்று ஏற்பாட்டுக்கு நேரம் இருக்கும். ஆர்ஏசி வந்தால் தயங்காமல் போகலாம். சைடு லோயரில் இருவர் உட்கார்ந்து போக வேண்டிவரும் என்றாலும் பாதி வழியில் யாராவது வராமல் போன பெர்த் கிடைக்க வாய்ப்புண்டு.

பெர்த் எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். 1, 4 லோயர். 2, 5 மிடில். 3, 6 அப்பர். 7 சைடு லோயர். மீதியில்லாமல் வகுபட்டால் சைடு அப்பர். மூன்றடுக்குப் பெட்டிகளில் ஸ்லீப்பர், மூன்றாம் ஏசி இரண்டுக்கும் இதே கணக்கு. கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு அப்பர் பெர்த்தே உகந்தது. செங்கல்பட்டிலும் தாம்பரத்திலும் இறங்குகிறவர்கள் நான்கு மணியிலிருந்தே கீழே நடமாடத் தொடங்குவார்கள், விளக்கைப் போடுவார்கள். லோயரில் படுத்தவர் அப்போதே எழுந்தாக வேண்டும். அந்த ஒரு மணி நேரத் தூக்கம் சனிக்கிழமை மதியக் கச்சேரியில் வேலை செய்யும். முழங்கால் வலி இருப்பவர்களும் மூத்தவர்களும் மட்டும் லோயர் கேளுங்கள்.

ஸ்லீப்பரில் போர்வை தர மாட்டார்கள். டிசம்பர் விடியலில் விழுப்புரம் தாண்டி ஜன்னல் வழியே வரும் காற்று நன்றாகவே குளிரும். கனமான கம்பளி தேவையில்லை. ஒரு பருத்திப் போர்வையும் காது மூட ஒரு துண்டும் போதும். மூன்றாம் ஏசியில் போர்வை, விரிப்பு, தலையணை கிடைக்கும். அதே போர்வையைப் போல ஒரு சால்வை சபாவுக்குள்ளும் வேண்டும். சென்னையின் டிசம்பர் இரவு 20, 21 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது. ஆனால் சபா ஏசி அதைவிடக் குளிர்ந்து கிடக்கும். இரண்டரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் தெரியும்.

பகல் ரயில் பற்றி ஒரு வார்த்தை. வைகை, பல்லவன், கோவை இன்டர்சிட்டி, வந்தே பாரத் எல்லாம் நல்ல ரயில்கள்தான். ஆனால் சனிக்கிழமை காலை ஏறினால் சென்னை போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிடும். இரண்டே நாள் பயணத்தில் அரை நாளை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. வெள்ளி விடுப்பு கிடைத்தால் பகல் ரயிலில் வந்து வெள்ளி மாலைக் கச்சேரியிலேயே தொடங்கலாம்.

டிக்கெட்டில் எந்த நிலையம் என்று கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கோவை ரயில்கள் சென்ட்ரலுக்கும் தென்மாவட்ட ரயில்கள் எழும்பூருக்கும் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் எழும்பூரில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் 2025-ல் சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்தினார்கள். திரும்பும்போது இதைக் கவனிக்காவிட்டால் எழும்பூரில் நின்று தாம்பரம் ரயிலைத் தவறவிடுவீர்கள்.

விடிகாலை ஐந்து மணிக்கு எழும்பூரில் இறங்குகிறீர்கள். விடிய இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது. பலருடைய பயணம் கெடுவது இங்கேதான். விடுதியில் கேட்டால் பகல் 12 மணிக்குத்தான் அறை என்பார்கள். எழும்பூர் கென்னட் லேன், காந்தி இர்வின் சாலைப் பக்கத்து விடுதிகள் சிலவற்றில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. அங்கே காலை ஐந்துக்கு எடுத்தால் மறுநாள் ஐந்துக்குக் காலி செய்தால் போதும். போன் செய்யும்போதே “24 மணி நேரமா, 12 மணி செக்-அவுட்டா?” என்று கேட்டுவிடுங்கள். நிலையத்திலேயே ரிட்டயரிங் ரூம் இருக்கிறது. உறுதியான அல்லது ஆர்ஏசி டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஐஆர்சிடிசி தளத்தில் முன்பதிவு செய்யலாம், 12 மணி நேரத்துக்கும் எடுக்கலாம். அறையே வேண்டாம், ஞாயிறு இரவு திரும்பிவிடுவேன், சனி இரவு உறவினர் வீடு என்றால் காத்திருப்பு அறையில் குளித்துவிட்டுப் பையை கிளோக் ரூமில் போட்டுவிடலாம். பை பூட்டியிருந்தால்தான் வாங்குவார்கள், டிக்கெட்டையும் கேட்பார்கள். சின்னப் பூட்டு ஒன்று ஊரிலிருந்தே கொண்டுபோங்கள்.

தங்குமிடத்தை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பார்ப்பதா, சபாவுக்குப் பக்கத்தில் பார்ப்பதா? மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, ராயப்பேட்டைப் பக்கம் கிடைத்தால் அதுவே மேல். ஒரு நாளில் நான்கு முறை போய்வரும் இடம் சபா, நிலையத்துக்குப் போவது இரண்டே முறை.

எழும்பூரிலிருந்து மயிலாப்பூருக்கு ஆட்டோ இல்லாமல் போகும் வழி பலருக்குத் தெரிவதில்லை. புறநகர் ரயிலில் கடற்கரைத் திசையில் ஒரே நிறுத்தம், பூங்கா நிலையம். அங்கே இறங்கிப் பக்கத்திலேயே இருக்கும் பூங்கா நகர் பறக்கும் ரயில் நிலையத்துக்கு நடந்து, வேளச்சேரி வண்டியில் ஏறினால் திருமயிலை. மொத்தமும் ஒரே டிக்கெட்டில் அடங்கும், பத்து ரூபாய் அளவில்தான் ஆகும். சென்ட்ரலில் இறங்குபவர்கள் சுரங்கப்பாதை வழியாக நேரே பூங்கா நகருக்கு வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பறக்கும் ரயில் குறைவு, அரை மணி வரை நிற்க வேண்டிவரலாம். மெட்ரோ அதிகாலை ஐந்துக்கே தொடங்கிவிடும். எழும்பூர் பச்சை வழித்தடத்தில் இருப்பதால் சென்ட்ரல் போய் நீல வழித்தடத்துக்கு மாறி, அகாடமிக்கு ஆயிரம் விளக்கு அல்லது டிஎம்எஸ்ஸில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். லஸ், மயிலாப்பூர், ராயப்பேட்டைப் பக்கமெல்லாம் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலையால் சாலைகள் சுற்றிவிடப்பட்டிருக்கின்றன. வரைபடச் செயலி பத்து நிமிடம் என்று சொன்னால் இருபது வைத்துக்கொள்ளுங்கள். தி.நகர் சபாக்கள்தான் இலக்கு என்றால், உங்கள் ரயில் மாம்பலத்தில் நிற்குமானால் அங்கேயே இறங்கிவிடலாம். 2023-ல் திறந்த ஆகாய நடைபாதை நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை கொண்டுவிடும்.

விடிகாலையில் வந்தவர்களுக்கு மயிலாப்பூர் ஒரு கொடை. மார்கழியில் கபாலீஸ்வரர் கோயில் நடை வழக்கத்தைவிட முன்னதாகத் திறக்கும். மாட வீதிகளில் பஜனை கோஷ்டி வரும். பாபநாசம் சிவன் பல்லாண்டு காலம் முன்னின்று நடத்திய வீதி பஜனை இங்கேதான். காசு கொடுத்துக் கேட்கும் எந்தக் கச்சேரிக்கும் இது குறைந்ததில்லை. ஹார்மோனியம் கழுத்தில் தொங்க, ஜால்ரா சத்தத்தோடு, கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடக்கும் அந்தக் கூட்டத்தோடு நீங்களும் நடக்கலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். முடித்துவிட்டு அருண்டேல் தெருவில் ராயர் மெஸ்ஸில் இட்லியோ பொங்கலோ சாப்பிடலாம். சின்ன இடம் என்பதால் வரிசை இருக்கும், சீக்கிரம் போவது நல்லது.

சபாக்களைத் தேர்வு செய்யும்போது வித்வான் பெயரோடு இடத்தையும் பாருங்கள். மூன்று கொத்தாகப் பிரித்துக்கொள்ளலாம். டி.டி.கே. சாலையில் மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம். மயிலாப்பூரில் கிழக்கு மாட வீதியின் பாரதிய வித்யா பவன், ரசிக ரஞ்சனி சபா, லஸ்ஸில் ராக சுதா ஹால், மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப். தி.நகரில் வாணி மஹால், கிருஷ்ண கான சபா. ஒரு நாள் ஒரு கொத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணிக்கு வாணி மஹால், ஆறரைக்கு அகாடமி என்று திட்டம் போட்டால் முதல் கச்சேரியில் மிருதங்கம் தனியே ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் எழுந்து ஓட வேண்டும். மிருதங்கக்காரருக்குச் செய்யும் மரியாதைக் குறைவு அது. அப்படி ஓடியும் அடுத்த இடத்தில் தொடக்கப் பாட்டான வர்ணம் போயிருக்கும். தமிழ்ப் பாட்டுகளையே கேட்க வேண்டும் என்பவர்களுக்குப் பாரிமுனையில் ராஜா அண்ணாமலை மன்றம். தமிழ் இசைச் சங்கத்தின் விழா அங்கே நடக்கும். கோட்டை ரயில் நிலையமோ உயர்நீதிமன்ற மெட்ரோவோ பக்கம்.

நேர அமைப்பு சபாவுக்குச் சபா மாறும். பொதுவாகக் காலையில் விளக்கவுரைகள், மதியம் இளைஞர்கள், நான்கு மணியை ஒட்டி அடுத்த நிலையில் இருப்பவர்கள், ஆறரை ஏழுக்கு மூத்த வித்வான்கள். மதியக் கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம். வெளியூர்க்காரர்கள் இந்த மதிய நேரத்தைத் தவறவிடவே கூடாது. இருபத்தைந்து வயதில் ஒருவர் ஒன்றரை மணி நேரத்துக்குள் தன்னை நிரூபிக்க உழைத்துத் தயாரித்துக்கொண்டு வரும் கச்சேரி அது. ராகத்தைத் தொட்டதுமே அந்தத் தயாரிப்பு தெரியும். முன்வரிசையிலேயே இடம் கிடைக்கும். அகாடமியின் காலை விளக்கவுரைகளும் அப்படித்தான். ஒரு பல்லவியை எப்படிக் கட்டுகிறார்கள், ஒரே கீர்த்தனைக்கு இரண்டு பாடம் எப்படி வந்தது என்பதையெல்லாம் கேட்டுவிட்டு மாலைக் கச்சேரியில் உட்கார்ந்தால் காது வேறு மாதிரி கேட்கும்.

ஒரு நாளைக்கு மூன்று கச்சேரிக்கு மேல் வேண்டாம். நான்காவதில் எந்த ராகம் என்பதே குழம்பும். மாலைக் கச்சேரிக்கு டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுங்கள். கிடைக்காவிட்டால் அன்றைக்குச் சபா வாசலில் விசாரியுங்கள். தாமதமாகப் போக நேர்ந்தால் பாட்டு முடிந்து கைதட்டும்போது உள்ளே நுழையுங்கள்.

சாப்பாட்டுக்கு வெளியே அலைய வேண்டாம். சபா கேன்டீன்களே போதும். மதிய இலைச் சாப்பாடு, மாலையில் வாழைப்பூ வடை, கீரை வடை, காசி அல்வா, டிகிரி காபி என்று சீசனுக்காகவே சமையல் குழுக்கள் வந்து இறங்கும். சனி, ஞாயிறு மதியம் பன்னிரண்டரையிலிருந்து கூட்டம் தாங்காது. பதினொன்றே முக்காலுக்கே உட்கார்ந்துவிட்டால் மதியக் கச்சேரி தொடக்கத்திலிருந்து கிடைக்கும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏசியில் உட்கார்ந்தால் ஆலாபனையிலேயே கண் சொக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

டிசம்பரில் மழையை மறக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழை அந்த மாதம் முழுக்க எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டும். 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12-ல் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் எல்லாமே சென்னையின் ரயில்களை முடக்கியவை. 2024 டிசம்பர் 2-ல் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் தென்மாவட்ட ரயில்கள் பல ரத்தாயின. சென்னையில் வெயில் அடித்தாலும் விழுப்புரத்தில் தண்ணீர் நின்றால் ரயில் வராது. ஆகவே வெள்ளி மாலையும் ஞாயிறு மதியமும் ரயில் நிலவரத்தைப் பாருங்கள். ரயிலே ரத்தானால் இணைய டிக்கெட்டின் பணம் முழுதும் தானாகத் திரும்பும். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் போக வேண்டாம் என்று முடிவெடுத்தால், ரயில் உங்கள் நிலையத்திலிருந்து கிளம்புவதற்குள் டிடிஆர் (பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) பதிவு செய்ய வேண்டும். கிளம்பிய பிறகு பதிந்தால் பணம் கிடைக்காது.

கடைசியாக ஞாயிறு இரவு. எந்த ஊருக்குத் திரும்புகிறீர்கள் என்பதே ஞாயிறு மாலை எந்தக் கச்சேரி கேட்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. மலைக்கோட்டை இரவு பதினொன்றரை வாக்கில் கிளம்புவதால் திருச்சிக்காரர்கள் ஒன்பது மணிக்குக் கச்சேரியை முடிக்கும் மங்களம் வரை இருந்து, சாப்பிட்டுவிட்டுப் போகலாம். சேரனுக்குச் சென்ட்ரலில் பத்து மணிக்கு நிற்க வேண்டிய கோவைக்காரர்கள் கடைசிச் சிறு பாட்டுகளான துக்கடா தொடங்கும்போது எழ வேண்டும். பாண்டியன் 9.40 வாக்கில். மதுரைக்காரர்கள் எட்டரைக்கே சபாவை விட்டுக் கிளம்பினால்தான் பதற்றமில்லை, அதாவது பிரதான ராகத்தின் நடுவில். அதற்கு நான்கு மணிக் கச்சேரியை முழுதாகக் கேட்டுவிட்டு, ஆறரைக் கச்சேரியில் முதல் மூன்று உருப்படி மட்டும் என்று நிறுத்திக்கொள்வது மேல். நெல்லை, தூத்துக்குடி, செங்கோட்டை ரயில்கள் இன்னும் முன்னதாகவே கிளம்பிவிடும். அந்தப் பக்கத்தவர்களுக்கு ஞாயிறு நான்கு மணிக் கச்சேரியே கடைசி. அவர்கள் சனி மாலையை மூத்த வித்வானுக்கு வைத்துக்கொள்ளட்டும். கால அட்டவணை அவ்வப்போது மாறுவதால் நிமிடக் கணக்கை டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயில் தவறிவிட்டால் தென்மாவட்ட அரசு விரைவுப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்துதான். கோயம்பேட்டுக்குப் போய் நிற்காதீர்கள். எழும்பூரிலிருந்து தாம்பரம் வரை புறநகர் ரயில், அங்கிருந்து மாநகரப் பேருந்து. காத்திருப்பு உட்பட ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஞாயிறு இரவு அங்கேயும் கூட்டம் இருக்கும். ரயிலைப் பிடிக்க முடியாது என்று தெரிந்த நிமிடமே, நடைமேடையில் நின்றபடியே, அரசு பேருந்துத் தளத்தில் இருக்கையைப் பதிவு செய்துவிட்டுப் பிறகு கிளம்புங்கள்.